கோபுரத்துக்குப் பழசு, கொக்குக்குப் புதுசு

காலை ஏழு மணிக்கு மயிலாப்பூர் சன்னதித் தெருவில் நின்று, வெயில் முகத்தில் விழும் கபாலீசுவரர் கோயில் ராஜகோபுரத்தை ஒரு நிக்கான் டி90 கேமராவில் எடுங்கள். அது 2008இல் வந்த மாடல். அதே இடத்திலிருந்து போன மாதம் வாங்கிய மிரர்லெஸ் கேமராவிலும் எடுங்கள். இரண்டையும் ஏ4 அளவில் பிரிண்ட் போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எது எதில் எடுத்தது என்று தொழில்காரர்களே தடுமாறுவார்கள். பொழுதுபோக்காகப் படம் எடுக்கத் தொடங்குகிறவர்கள் கடை ஏறுமுன் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

டி90இன் 12 மெகாபிக்சல் என்றால் 4288க்கு 2848 புள்ளிகள். ஏ4 தாளில் நேர்த்தியாக அச்சிட 3508க்கு 2480 போதும். 4கே டிவித் திரை முழுவதும் நிறைய 83 லட்சம் புள்ளிகள்தான் தேவை. அதற்கு மேல் இருப்பது, எடுத்த படத்தை வெட்டிப் பெரிதாக்கப் பயன்படும். வேறு பெரிய லாபம் இல்லை.

கேமராவுக்குள் படத்தைப் பிடிப்பது சென்சார் என்கிற சிலிக்கான் சில்லு. அதில் ஒளித்துகள் விழுந்தால் எலக்ட்ரான் விடுபடும். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் ஒவ்வொரு புள்ளியிலும் எத்தனை எலக்ட்ரான் சேர்ந்தது என்று கணக்கிட்டால் அதுதான் படம். சிலிக்கானுக்கு நிறம் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அதனால் அதன்மேல் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளைக் கட்டம் கட்டமாகப் பதிக்கிறார்கள். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற இந்த ஏற்பாடுதான் இன்றும் பெரும்பாலான கேமராக்களில் இருக்கிறது.

சில்லு முன்னேறவில்லை என்று சொல்ல மாட்டேன். விழுகிற ஒளியில் வீணாகாமல் பிடிபடும் பங்கு, டி90 காலத்தோடு ஒப்பிட்டால் இன்று ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் மங்கிய வெளிச்சத்தில் எடுத்த படத்தில் பொரிப்பொரியாகத் தெரிகிறதே, அந்த நாய்ஸுக்குச் சில்லை மட்டும் குறை சொல்வது சரியல்ல. ஒளி சீராக வருவதில்லை; துகள்களாக, முன்னும் பின்னுமாக வருகிறது. குறைவாக வரும்போது அந்த ஏற்றத்தாழ்வு படத்தில் தெரிந்துவிடுகிறது. கூடுதல் ஒளியை உள்ளே விடுவதே அதற்கு மருந்து. அது லென்ஸின் வேலை. கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸ், 55 மி.மீ.யில் எஃப் 5.6 வரைதான் திறக்கும். 50 மி.மீ. எஃப் 1.8 பிரைம் லென்ஸ் அதைவிட ஒன்பது மடங்குக்கும் மேல் ஒளியை விடும். நவராத்திரிக்கு வீட்டுக் கொலுவைக் குத்துவிளக்கு வெளிச்சத்தில் எடுக்க நினைப்பவருக்குப் பழைய கேமரா பாடியும் இந்த லென்ஸும் போதும். புதிய பாடியையும் கிட் லென்ஸையும் அது அனாயாசமாக வென்றுவிடும்.

நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணனை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. மயிலாப்பூர் எட்வர்ட் எலியட்ஸ் சாலையில், இன்றைய ராதாகிருஷ்ணன் சாலையில், வாழ்ந்த இயற்கையியலாளர் அவர்; 1996இல் மறைந்தார். பல கம்பெனிகளின் உறுப்புகளைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட பெரிய கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயர் வைத்திருந்தார். நாட்டின் காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த படங்களை இன்று பார்த்தாலும் பிரமிப்பாக இருக்கிறது. யானை அடுத்து என்ன செய்யும் என்று தெரிந்தவர் அவர். கருவி அதற்கு அடுத்தபடிதான்.

ஆனால் கிருஷ்ணனின் பொறுமையும் காட்டறிவும் நமக்கு வாய்க்கவில்லையே! அடையாறு முகத்துவாரத்தில் தண்ணீரை உரசிப் பறக்கும் ஆலாவையோ, பள்ளிக்கரணையில் சட்டென்று எழும் கொக்கையோ எடுக்க விரும்பினால் புதிய கேமராவுக்கே என் ஓட்டு. டி90 போன்ற பழைய டிஎஸ்எல்ஆரில், கண்ணாடி வழியாகக் கீழே திரும்பும் ஒளியைத் தனி உணரி ஒன்று பார்த்துத்தான் ஃபோகஸ் செய்கிறது. டி90இல் ஃபோகஸ் புள்ளிகள் 11. அவையும் நடுவிலேயே குவிந்திருக்கும். பறவை ஓரத்துக்கு நகர்ந்தால் போச்சு. அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்ஸில் ஃபோகஸ் உணரிகள் சென்சாரிலேயே, கிட்டத்தட்ட படம் முழுக்கப் பரவியிருக்கின்றன. பறவையின் கண்ணை அடையாளம் கண்டு விடாமல் தொடரும் மாடல்களும் உண்டு. விலை குறைந்த எல்லாவற்றிலும் அந்த வசதி கிடையாது, கேட்டு வாங்குங்கள்.

பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள், அறுபத்து மூவர் உலாவில் மாட வீதியில் நின்றவர்களுக்குத் தெரியும்: கேமராவைத் தலைக்கு மேல் தூக்கித்தான் எடுக்க முடியும். டி90இன் திரை அசையாது. திரையைப் பார்த்து எடுத்தால் ஃபோகஸ் ஊர்ந்து ஊர்ந்து வரும், அதற்குள் பல்லக்கு நகர்ந்துவிடும். திருப்பிக்கொள்ளும் திரையும் வேகமான ஃபோகஸும் அங்கே பெரிய வரம். ரங்கநாதன் தெரு நெரிசலுக்கும் சின்ன மிரர்லெஸ்தான் தோது.

மார்கழிக் கச்சேரிக்கும் மிரர்லெஸ்தான், ஆனால் வேறொரு காரணம். தி. நகர் வாணி மகாலில் பாடகர் மெல்ல ஆலாபனையைத் தொடங்கும்போது, டிஎஸ்எல்ஆரின் ‘டடக்’ சத்தம் நாலு வரிசை தள்ளிக் கேட்கும். அனுமதி வாங்கியிருந்தாலும் அது ரசிகர்களுக்குச் செய்யும் அநியாயம். மிரர்லெஸ்ஸின் எலக்ட்ரானிக் ஷட்டர் சத்தமே போடாது. ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மேடையில் உள்ள பல எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். இந்த ஷட்டர் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிப்பதால், பாடகரின் முகத்தில் கறுப்புப் பட்டைகள் விழும். ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50 என்று வைத்தால் பெரும்பாலும் மறைந்துவிடும்.

கல்லூரிப் பிள்ளைகள் இப்போது 2000களின் பாக்கெட் கேமராக்களைத் தேடுகிறார்கள். அவற்றில் உள்ள சிசிடி என்ற பழைய வகை சென்சாரின் நிறமே தனி என்கிறார்கள். நிறத்தை முடிவு செய்வது வடிகட்டியும் கேமராவுக்குள் ஓடும் மென்பொருளும்தான். பிடித்திருந்தால் வாங்கட்டும், இருட்டில் மட்டும் அதை நம்ப வேண்டாம்.

கேனானும் நிக்கானும் 2020க்குப் பிறகு புது டிஎஸ்எல்ஆர் வெளியிடவில்லை. கல்யாண ஸ்டூடியோக்காரர்கள் மிரர்லெஸ்ஸுக்கு மாற மாற, நல்ல பாடிகள் செகண்ட் ஹேண்டில் வருகின்றன. ஷட்டர் கவுண்ட், அதாவது ஷட்டர் இதுவரை எத்தனை முறை இயங்கியது என்று கேளுங்கள்; டி90இன் ஷட்டர் ஒரு லட்சம் முறைக்குச் சோதிக்கப்பட்டது. எஃப் 16 வைத்து வானத்தை ஒரு படம் எடுத்தால் சென்சாரில் உள்ள தூசி கறுப்புப் பொட்டுகளாகத் தெரியும். நிக்கானின் பழைய ஏஎஃப்-டி லென்ஸ்கள் டி90இல் தானாக ஃபோகஸ் ஆகும், டி3500, டி5600 பாடிகளில் ஆகாது. அந்தப் பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமாகப் பார்க்க வேண்டியது ஃபங்கஸ் என்கிற பூஞ்சை. நம் கடலோரப் புழுக்கத்தில் அலமாரிக்குள் மூடிக் கிடந்த லென்ஸில் அது எளிதில் வரும். லென்ஸை முழுதாகத் திறந்து, பின்பக்கமிருந்து செல்போன் டார்ச்சை அடித்துச் சாய்த்துப் பாருங்கள். ஓரத்தில் சிலந்தி நூல்போல வெள்ளைக் கிளைகள் தெரிந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். வாங்கியதைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் இருந்தால் நல்லது. ஏசி அறையிலிருந்து எடுத்து நேரே பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போகிறீர்களா? பையைத் திறக்காமல் அரை மணி நேரம் பொறுங்கள், லென்ஸில் பனி படியாது.