லேபிளில் இல்லாத ஊர்

மஸ்காரா என்றால் நமக்குக் கண்ணிமையில் தீட்டும் மைதான். அல்ஜீரியாவின் மேற்கே அது ஒரு மலையூர். 1830களில் பிரெஞ்சுப் படையை எதிர்த்துப் போரிட்ட எமிர் அப்துல் காதரின் தலைநகர். அந்த சூஃபி அறிஞரின் ஊர் பின்னாளில் பேர் வாங்கியது ஒயினில்!

ஃபிலாக்ஸெரா என்ற பொடிப் பூச்சிதான் தொடக்கம். 1860களிலிருந்து பிரான்சின் திராட்சைக் கொடிகளை அது வேரோடு சாய்த்தது. நொடித்துப்போன தென் பிரான்ஸ் விவசாயிகள் பலர் கடல் தாண்டி வந்து இங்கே கொடி நட்டார்கள். மஸ்காரா, மெதெயா, திலெம்சென் சரிவுகள் அதற்குத் தோதான மண். பகல் வெயிலில் இனிப்பு ஏறும். இரவுக் குளிரில் புளிப்பு வடியாமல் நிற்கும். கடலோரச் சமவெளியில் மகசூல் கூடுதல், சுவை மட்டம்.

அலிகாந்தே பூஷே என்றொரு ரகம். சாதாரணக் கறுப்புத் திராட்சையைப் பிதுக்கினால் சதை வெளிறியிருக்கும், நிறமெல்லாம் தோலில்தான். இதைப் பிதுக்கினால் சதையே சிவப்பு. இப்படிப்பட்ட பழங்களின் கெட்டிச் சாற்றைத்தான் தென் பிரான்சின் சோகை பிடித்த ஒயினில் கலந்து தேற்றினார்கள். வியாபாரிகள் இதற்கு வைத்த பெயர் ‘மருத்துவர் ஒயின்’. புட்டியில் நோயாளியின் பெயர் இருக்கும், மருத்துவர் பெயர் இருக்காது. ஒயினுக்கென்றே தொட்டி கட்டிய கப்பல்கள் செத், ரூவான் துறைமுகங்களுக்கு ஓடின. 1930களில் அல்ஜீரியாவின் ஒயின் உற்பத்தி ஆண்டுக்கு 200 கோடி லிட்டரைத் தொட்டது. உள்ளூர்க்காரர்களில் பெரும்பாலோர் தொடாத சரக்கு!

1962இல் பிரெஞ்சு ஆட்சியிலிருந்து விடுதலை. குடியேறியிருந்த தோட்டக்காரர்கள் கப்பலேறினார்கள், மூன்று லட்சம் ஹெக்டேருக்கு மேல் கொடி அப்படியே நின்றது. சில ஆண்டுகளில் பிரான்ஸ் கொள்முதலைச் சுருக்கியது. 1969இல் சோவியத் யூனியன் ஆண்டுக்கு 50 கோடி லிட்டர் வாங்க ஒப்புக்கொண்டது, அடிமாட்டு விலைக்கு. 1970களில் கொடிகளைப் பிடுங்கிவிட்டுப் பல இடங்களில் தானியம் விதைத்தார்கள். மதம்தான் காரணம் என்பார்கள் சிலர். எனக்கு அது பாதிக் கதையாகவே படுகிறது. ஒரே வாடிக்கையாளரை நம்பி நட்ட பயிர் அது. அவன் கடையை மாற்றிக்கொண்டான்.

இன்று மிஞ்சியது பழைய பரப்பில் சிறு பங்கு. அரசு நிறுவனமே புட்டியில் அடைத்து விற்கிறது, ‘மஸ்காரா மலைச்சரிவு’ என்று பிரெஞ்சில் அச்சிட்ட லேபிளோடு.