பென்டிரைவ் திறக்கவில்லையா? பதற வேண்டாம்!

சகோதரிகளே, கண்டியிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் மாதர் சங்கக் கணக்குகளையும் பிள்ளைகளின் படங்களையும் நம்மில் பலர் பென்டிரைவிலேயே வைத்திருக்கிறோம். மடிக்கணனி அதைத் திறக்க மறுத்தால் உடனே 'போமட்' செய்யாதீர்கள். உள்ளே இருப்பவை அழிந்துவிடும்.

முதலில் வேறொரு கணனியில் செருகிப் பாருங்கள். அங்கே திறந்தால் பென்டிரைவில் பழுதில்லை. மடிக்கணனியின் அதே துவாரத்தில் மவுஸ் இயங்குகிறதா? அப்படியானால் துவாரமும் நலமே, யாரோ பூட்டியிருக்கக்கூடும்.

வைரசுக்கும் தகவல் திருட்டுக்கும் அஞ்சிக் காரியாலயங்கள் இப்படிப் பூட்டுவதுண்டு. 2008 இல் அமெரிக்க இராணுவமே பென்டிரைவைத் தடை செய்தது. எனவே வேலைத்தலத்து மடிக்கணனி என்றால் பொறுப்பாளரிடம் கேளுங்கள். பழையதாக வாங்கிய சொந்தக் கணனி என்றால், விண்டோஸ் பதிவேட்டில் 'யூஎஸ்பிஸ்டோர்' பகுதியின் 'ஸ்டார்ட்' எண்ணைத் தெரிந்தவரைக் கொண்டு பாருங்கள். 4 என்றால் பூட்டு. 3 என்றால் திறப்பு.

எதற்கும் இன்னொரு பிரதியை வேறிடத்தில் வைத்திருங்கள்.