இறகுத் தூண்டிலும் மலையேரியும்

தூண்டில் என்றதும் நம்மவர் மனக்கண்முன் தோன்றுவன குளக்கட்டில் குந்தியிருக்கும் சிறுவனும், முள்ளிற் குத்திய மண்புழுவும், நீரில் மிதக்கும் தக்கையுமேயாம். புழுவுமின்றித் தக்கையுமின்றி, சிறிது நூலும் இரண்டு இறகுங் கொண்டு மீனை ஏமாற்றும் ஒரு கலையும் உலகில் உண்டு. அது நேற்றுப் பிறந்ததன்று. கி.பி. 200ஆம் ஆண்டளவில் வாழ்ந்த ஏலியன் என்னும் உரோம ஆசிரியர், மசிடோனிய நாட்டார் தூண்டில் முள்ளிற் செங்கம்பளி நூலைச் சுற்றி, சேவலிறகு இரண்டைப் பொருத்தி, ஆற்றுமீன் பிடித்தமையை எழுதி வைத்துள்ளார்.

இக்கலைக்கென்றே படைக்கப்பட்டது போன்ற மீன் ட்றவுட். குளிர்ந்து தெளிந்த நீரிலன்றி அது வாழாது. நீர்ப்பூச்சிகளே அதன் முக்கிய உணவு. அதனைத் தேடிச் செல்வோர் கனவு காணும் இடங்களுள் ஒன்று, கலிபோர்ணியாவின் சியரா நெவாடா மலைத்தொடர். பதினாயிரம் அடிக்கு மேலே, கருங்கற் பாறைகளிடையே நூற்றுக்கணக்கான ஏரிகள் கிடக்கின்றன. ஆண்டிற் பாதிக்கு மேல் அவை பனிக்கட்டியால் மூடப்பட்டிருக்கும். ஆனி, ஆடி மாதங்களிற் பனி உருகியதும் குறுகிய கோடை பிறக்கும். மூட்டை சுமந்து மலையேறுவோர்க்கு அதுவே பருவம்.

பொய்ப்பூச்சிக்குப் பாரமில்லை, ஆதலின் அதனைக் கல்லெறிவதுபோல் எறிதல் இயலாது. கனத்த நூலையே பின்னும் முன்னும் வீசி, அதன் நுனியிற் கட்டிய மெல்லிழையோடு பூச்சியைப் பஞ்சு வீழ்வதுபோல் நீர்மேல் இறக்கவேண்டும். ஓடையில் வாழும் ட்றவுட் நீரோட்டத்தை எதிர்நோக்கி ஒரிடத்தில் நின்று, மிதந்து வருவதை உண்ணும். எனவே தூண்டிற்காரன் கீழ்ப்புறமிருந்து, அதன் வாற்பக்கமாக மெல்ல அணுகுவான். ஏரியிலோ மீன் கரையோரமாக உலாவித் தேடும். அங்கே அவன் அசையாது காத்திருப்பான். நூல் இழுபட்டுப் பூச்சி சிறிதே பிறழ்ந்து நகரினும் போதும், மீன் ஐயுற்று விலகிவிடும்.

ஆகவே, நல்ல தூண்டிற்காரன் முதலிற் பூச்சிகளின் மாணவன். நீரின் அடியில் மாதக்கணக்கில், சில இனங்களில் ஓராண்டளவும், புழுப்பருவத்திற் கிடந்து, ஒரு மாலையிற் சிறகு முளைத்தெழும் ஒருநாட் பூச்சியை அவன் நன்கறிவான். நம்மூர் ஈசலைப்போல் அற்பாயுள் படைத்த அப்பூச்சிக்கு உண்ண வாயுமில்லை. கூடி முட்டையிட்டு மடிவதே அதன் வேலை. அந்திவேளையில் அது எழும்போது மீன்கள் மேலே வந்து கௌவ, ஏரி முழுவதும் நீர்வளையங்கள் விரியும். அப்போது அப்பூச்சியின் நிறமும் அளவும் ஒத்த இறகுப்பூச்சியைத் தெரிந்து வீசுவதிலேதான் அவனது கல்வி சோதிக்கப்படுகிறது.

இத்துணை அழகிய காட்சியில் ஒரு குறை உண்டு. அவ்வுயர்ந்த ஏரிகளுக்கு இயற்கை மீனைக் கொடுக்கவில்லை. பண்டைப் பனியாறுகள் குடைந்த அக்குழிகளுக்குக் கீழேயிருந்து மீன் ஏறிவர நீர்வீழ்ச்சிகள் இடந்தரவில்லை. மீனைக் கொண்டுபோய் விட்டவன் மனிதனே. 1876ஆம் ஆண்டில் பொன்னிற ட்றவுட் மீன்கள் ஏறக்குறைய ஒரு டசினைக் கோப்பிப் பாத்திரமொன்றில் இட்டு மலைதாண்டிச் சுமந்துசென்று வேறோர் ஓடையில் விட்ட கதை அங்கு புகழ்பெற்றது. பின்னர்க் கோவேறு கழுதைகள் மீன்குஞ்சுகளைத் தகரப் பாத்திரங்களிற் சுமந்தன. இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஆகாயவிமானங்களே குஞ்சுகளை ஏரிகளிற் சொரிந்தன.

மீன் பெருகியது, தவளை குறைந்தது. அம்மலையின் மஞ்சட்கால் தவளைக்கு வாற்பேத்தைப் பருவம் இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் வரை நீளும். மாரியில் அடிவரை உறையாத ஆழமான ஏரியே அதற்குப் புகலிடம். அதே ஏரிகளே ட்றவுட்டுக்கும் வேண்டும்; வாற்பேத்தைகள் மீனுக்கு இரையாயின. பின்னாளில் ஒருவகைப் பூஞ்சண நோயும் சேர்ந்தது. முன்பு எங்கும் நிறைந்திருந்த இத்தவளை 2014இல் அழியுந் தறுவாயிலுள்ள உயிரினமாக அமெரிக்க அரசினால் அறிவிக்கப்பட்டது.

இன்னும் வியப்பானது ஒன்றுண்டு. எந்த ஒருநாட் பூச்சியைத் தூண்டிற்காரன் இறகினாற் போலி செய்கின்றானோ, அதே பூச்சியை அவன் நாடிய மீன் மெய்யாகவே அருகச் செய்துவிட்டது. மீனுள்ள ஏரிகளில் அப்பூச்சி மிகக் குறைவு. அதனை உண்ண வரும் மலைக்குருவிகளும் மீனில்லா ஏரிகளையே மிகுதியாக நாடுகின்றன என 2010இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று.

யொசெமிற்றித் தேசியப் பூங்காவில் மீன் விடுதல் 1991இல் நிறுத்தப்பட்டது. அம்மலைத்தொடரில் தெரிந்தெடுத்த சில ஏரிகளிலிருந்து வலையிட்டு மீனை அகற்றியபோது, சில ஆண்டுகளுக்குள் தவளைகள் மீண்டும் பெருகின. மற்றும் பல ஏரிகளிலும் ஓடைகளிலும் மீன் இன்றும் உண்டு. தூண்டில் வீச இடத்துக்குப் பஞ்சமில்லை.

இக்கதை நமக்கு அயலானதன்று. 1880களில் ஆங்கிலேயர் ட்றவுட் முட்டைகளைக் கப்பலேற்றி நமது மலைநாட்டுக்கும் கொணர்ந்தனர். சீமையை நினைந்து ஏங்கிய தோட்டத்துரைமாருக்கு நுவரெலியா நீர்நிலைகள் ஆறுதலளித்தன. ஹோட்டன் சமவெளியின் குளிரோடைகளில் வானவில் ட்றவுட் குடியேறிற்று. இலங்கைக்கே உரிய சிற்றிறால் இனமொன்றும் அவ்வோடைகளில் வாழ்கின்றது. விருந்தாளியை வரவேற்றவர்கள் வீட்டுக்காரனை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

தூண்டிற் கலையை இதற்காகப் பழித்தல் நியாயமன்று. அந்திப்பொழுதில் நீரைப் பார்த்துப் பூச்சியின் பெயர் சொல்லத்தக்கவர் வேறு எத்தனை பேர்? தவளையின் குரல் ஓய்ந்ததை முதலில் உணரக்கூடியவரும் அவர்களே. ஏரிக்கரைக்குச் செல்பவன் ஒருநாள் தன் கோலைக் கீழே வைத்துவிட்டு, வளையமே தோன்றாத நீரையும் சற்றுநேரம் பார்த்திருத்தல் நன்று.