தனி ஆள், சொந்த வீடு: நாற்பதைத் தாண்டும்போது போடவேண்டிய கணக்கு

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று நம்மூரில் சொல்வார்கள். இரண்டில் எதில் இறங்கினாலும் கையிருப்பு கரைந்துவிடும் என்பது அதன் அர்த்தம். பிழைப்புக்காக வெளி மாநிலம் வந்த நம்மவர்களில், இவற்றில் வீட்டை மட்டும் முடித்துவிட்டுத் தனியாக இருப்பவர்கள் உண்டு. கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்டவர், தம்பி தங்கைகளைக் கரையேற்றுவதற்குள் வயது கடந்துபோனவர், இளம் வயதில் துணையை இழந்தவர், மணமுறிவு பெற்றவர் என்று காரணங்கள் பலவாக இருக்கலாம். டோம்பிவிலியிலோ, முலுண்டிலோ, தில்லி மயூர் விஹாரிலோ ஒரு சின்ன ஃப்ளாட். வயது நாற்பதைத் தாண்டியாயிற்று. "அவளுக்கென்ன, சொந்த வீடு இருக்கு" என்று உறவில் பேசிக்கொள்வார்கள்.

உண்மையில் நிலைமை அவ்வளவு சுலபம் இல்லை. தம்பதிகள் இருக்கும் வீட்டில் கேட்காமலே கிடைக்கும் இரண்டு விஷயங்கள் தனி ஆளுக்குக் கிடையாது. ஒன்று, இரண்டாவது சம்பளம். அல்லது, தேவைப்பட்டால் வேலைக்குப் போகக்கூடிய இன்னொரு ஆள். மற்றொன்று, இரண்டாவது கையெழுத்து. அதாவது, நாம் படுத்துவிட்டால் பணத்தை எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கட்டவும், நம் காலத்துக்குப் பிறகு வீட்டை முறையாகப் பெற்றுக்கொள்ளவும் ஒருவர். இந்த இரண்டுக்கும் மாற்று ஏற்பாடு செய்துகொள்வதுதான் தனியாக வாழும் வீட்டுக்காரரின் பண நிர்வாகம். இது அவர்களுக்கு மட்டுமல்ல, அவர்களுடைய அண்ணன், அக்கா குடும்பத்தாருக்கும் தெரிந்திருக்கவேண்டியது.

முதலில் கைப்பணம்

வீடு சொத்துதான், ஆனால் பணம் அல்ல. பத்து நாளில் மூன்று லட்சம் தேவைப்பட்டால் ஃப்ளாட்டின் ஒரு ஜன்னலை மட்டும் பெயர்த்து விற்க முடியாது. அதே சமயம், அந்த வீடு மாதாமாதம் பணம் கேட்டுக்கொண்டே இருக்கும். சொசைட்டி மெயின்டெனன்ஸ், சொத்து வரி, லிஃப்ட் பழுது, மழைக்கு முன் நீர்க்கசிவு வேலை என்று ஏதாவது ஒன்று வரும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 43 வயதுப் பெண் ஒருவர். வீட்டுக்கடன் தவணை மாதம் 27 ஆயிரம், மற்ற செலவெல்லாம் 30 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 57 ஆயிரம். இரண்டு பேர் சம்பாதிக்கும் குடும்பத்துக்கு மூன்று முதல் ஆறு மாதச் செலவைக் கையில் வைத்திருந்தால் போதும் என்பார்கள். தனி ஆளுக்கு அது போதாது. வேலை போனால் வீட்டுக்கு வரும் வருமானம் பாதியாகாது, பூஜ்யமாகும். ஒன்பது மாதச் செலவாவது வேண்டும். இந்தக் கணக்கில் அது 5 லட்சத்து 13 ஆயிரம்.

இதையும் ஒரே இடத்தில் போட்டு வைக்கவேண்டாம். 2020 பிப்ரவரி முதல் ஒரு வங்கியில் ஒருவருக்கு உள்ள டெபாசிட்டுக்கு, வட்டியையும் சேர்த்து, 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு இருக்கிறது. அதற்கு முன்பு அது ஒரு லட்சமாக மட்டுமே இருந்தது. 2019 செப்டம்பரில் பி.எம்.சி. கூட்டுறவு வங்கிமீது ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தபோது, ஆரம்பத்தில் ஒருவர் ஆயிரம் ரூபாய்தான் எடுக்க முடிந்தது. மும்பைக்காரர்கள் அதை மறந்திருக்கமாட்டார்கள். ஆகவே இரண்டு வங்கிகளில் பிரித்துப் போடுவது நல்லது.

கடன் எந்த வயதில் முடிகிறது?

அதே பெண்மணி 38 வயதில் 30 லட்சம் ரூபாய் கடன் வாங்கினார். 20 வருஷம், 9 சதவீத வட்டி. தவணை 26,992 ரூபாய். ஐந்து வருஷத்தில் அவர் கட்டியது 16 லட்சத்துக்கும் மேலே. அசலில் குறைந்ததோ சுமார் 3 லட்சத்து 39 ஆயிரம்தான்! மீதியெல்லாம் வட்டிக்குப் போனது. இதில் வங்கியின் சூழ்ச்சி எதுவும் இல்லை. ஆரம்பத்தில் அசல் பெரிதாக இருப்பதால் வட்டியும் பெரிதாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தக் கட்டத்தில் போனஸோ, முதிர்ந்த பாலிசிப் பணமோ வந்து, 3 லட்சம் ரூபாயை அசலில் கட்டினால் என்ன ஆகும்? தவணையைக் குறைக்காமல் காலத்தைக் குறைக்கச் சொன்னால், சுமார் 37 தவணைகள் காணாமல் போகும். 58 வயதில் முடியவேண்டிய கடன் 55க்குள் முடிந்துவிடும். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடனை முன்கூட்டிக் கட்டுவதற்கு வங்கிகள் அபராதம் வசூலிக்கக்கூடாது என்று 2012-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. கடனில் கட்டிய பணம் கட்டியதுதான். வேலை போன மாதம் அதைத் திருப்பிக் கேட்க முடியாது. ஆகவே, மேலே சொன்ன ஒன்பது மாதக் கைப்பணத்தைத் தொட்டுக் கடனை அடைக்கவேண்டாம். முதலில் கைப்பணம், பிறகு கடன் என்பதுதான் வரிசை.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். வட்டி ஏறும்போது தவணை மாறாமல் காலம் மட்டும் சத்தமில்லாமல் நீண்டுவிடுவது உண்டு. 62 வயது வரைக்கும் கடன் ஓடினால், ஓய்வுபெற்ற பின் எந்தச் சம்பளத்தில் கட்டுவது? 2023 ஆகஸ்டில் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை கடன் வாங்கியவருக்கு உண்டு. வருஷத்துக்கு ஒரு தடவை கடன் ஸ்டேட்மென்ட் வாங்கி, முடியும் மாதம் எது என்று மட்டுமாவது பாருங்கள்.

வரிச் சலுகைக்காகக் கடனை வைத்திருக்கிறேன் என்பவர்களும் ஒரு தடவை கணக்குப் பார்க்கவேண்டும். புதிய வருமான வரித் திட்டத்தில், தான் குடியிருக்கும் வீட்டுக்கடன் வட்டிக்குக் கழிவு கிடையாது. பழைய திட்டத்தில் இருப்பவர்களுக்குத்தான் அது பொருந்தும்.

உடம்பும் முதுமையும்

ஆபீஸில் கொடுக்கும் மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும். ஐம்பத்தைந்து வயதில் வேலையை விட்டபின் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் சேர்ந்த நிலையில் புது பாலிசி கேட்டால் பிரீமியம் எகிறும். இப்போதே சொந்தமாக ஒன்று எடுத்துவைத்தால், காத்திருப்புக் காலமெல்லாம் வேலையில் இருக்கும்போதே கழிந்துவிடும். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு அந்தக் காத்திருப்பு மூன்று வருஷத்துக்கு மேல் போகக்கூடாது என்று 2024-ல் விதி வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவ பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை. விண்ணப்பத்தில் இருக்கும் நோயை மறைக்கவேண்டாம்; க்ளெய்ம் வரும் நாளில் போராட நமக்கு ஆள் இல்லை என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆயுள் காப்பீடு எல்லோருக்கும் தேவையில்லை. நம் சம்பளத்தை நம்பி அம்மாவோ, மாற்றுத்திறனாளித் தம்பியோ இருந்தால் டெர்ம் பாலிசி கட்டாயம். யாரும் இல்லையென்றால், ஏஜெண்ட் முகத்துக்காக எடுக்கும் பாலிசியைவிட அந்தப் பணம் ஓய்வுக்காலத்துக்குப் போவது மேல்.

ஓய்வுக்காலம் என்றதும் விலைவாசியையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். இன்று 43 வயதில் மாதம் 30 ஆயிரத்தில் நடக்கும் குடும்பத்துக்கு, வருஷம் 6 சதவீதம் விலை ஏறினால் 60 வயதில் சுமார் 81 ஆயிரம் வேண்டும். சொந்த வீடு வாடகையை மிச்சப்படுத்தும். அரிசியையும் மாத்திரையையும் கொடுக்காது. பி.எஃப். பணத்தை வேலை மாறும்போதெல்லாம் எடுக்காமல் இருப்பது, வருஷம் ஒன்றரை லட்சம் வரை போடக்கூடிய பி.பி.எஃப். கணக்கை இப்போதே தொடங்குவது (15 வருஷத்தில், அறுபதை ஒட்டி முதிரும்), தாங்கும் அளவுக்குப் பங்குச் சந்தை சார்ந்த மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடுவது என்று மூன்றையும் கலந்து செய்யலாம். அப்படியும் போதாவிட்டால், 60 வயதுக்கு மேல் குடியிருக்கும் வீட்டை வைத்தே மாதப்பணம் பெறும் ரிவர்ஸ் மார்ட்கேஜ் என்ற வழி 2007 முதல் நம் நாட்டில் உண்டு. அதைக் கடைசிக் கையாக வைத்துக்கொள்ளுங்கள்.

"உனக்கென்ன குடும்பமா, குட்டியா?"

தனியாக இருப்பவர்கள் அதிகம் கேட்கும் வசனம் இது. மருமான் படிப்புக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து, தம்பி வியாபாரத்துக்கு வீட்டை அடமானம், "எப்படியும் எங்க பையனுக்குத்தானே, இப்பவே எழுதிக் கொடுத்துடேன்" என்பதெல்லாம் இதற்குப் பின்னால் வரும். பாசத்தில் உதவுவது தவறில்லை. ஆனால் ஜாமீன் போட்டவரின் பொறுப்பு, கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம் என்கிறது ஒப்பந்தச் சட்டம். தானமாகவோ செட்டில்மென்ட்டாகவோ எழுதிப் பதிவு செய்துவிட்டால், மனசு மாறியது என்பதற்காகத் திரும்ப வாங்க முடியாது. உயிலை மட்டும்தான் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். கொடுக்கும் எண்ணம் இருந்தால் உயிலில் கொடுங்கள். கையில் முடிந்ததைப் பணமாக உதவுங்கள். தலைக்கு மேலிருக்கும் கூரையைப் பணயம் வைக்காதீர்கள்.

நாமினி வேறு, வாரிசு வேறு

"சொசைட்டியிலும் பேங்க்கிலும் நாமினி போட்டாச்சு, உயில் எதுக்கு?" என்று கேட்பவர்கள் நம்மில் பலர். நாமினி என்பவர் சொத்தைக் கையில் வாங்கிக்கொள்பவர். உரிமை வாரிசுக்கு அல்லது உயிலில் உள்ளவருக்கு. கூட்டுறவு வீட்டுச் சங்கம் நாமினியின் பெயருக்கு மாற்றிக் கொடுக்கவேண்டும், ஆனால் உரிமை கோர மற்ற வாரிசுகளுக்குத் தடையில்லை என்று 2016-ல் மேற்கு வங்க வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பங்குகளுக்கும் இதே நிலைதான் என்று 2023-ல் வந்த தீர்ப்பு உறுதி செய்தது.

உயில் இல்லாவிட்டால் யாருக்குப் போகும்? இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-ன்படி, கல்யாணமாகாத ஆணின் சொத்து முதலில் அம்மாவுக்கு. அம்மா இல்லையென்றால் அப்பாவுக்கு. கல்யாணமாகாத பெண்ணின் சொத்து அம்மா அப்பா இருவருக்கும். அவர்களும் இல்லையென்றால் அப்பாவின் வாரிசுகளுக்கு. குழந்தையில்லாத விதவையின் நிலைதான் பலருக்கும் தெரியாதது. அவர் தன் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு கூட, உயில் இல்லையென்றால், அவருடைய பெற்றோருக்கு முன்பு கணவரின் வாரிசுகளுக்குத்தான் போகும்.

2009-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கு ஒன்று உண்டு. கல்யாணமான மூன்றே மாதத்தில் கணவரை இழந்து, புகுந்த வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டு, பெற்றோர் வீட்டில் படித்து வேலைக்குப் போய்ச் சேர்த்தவர் ஒரு பெண். அவர் உயில் எழுதாமல் இறந்தார். அவர் பணம், கணவருடைய சகோதரியின் பிள்ளைகளுக்குப் போனது. சட்டத்தின் வார்த்தை அப்படி இருக்கும்போது இரக்கத்துக்கு இடமில்லை என்றாகிவிட்டது. இரண்டு பக்கக் காகிதம் இதை மாற்றியிருக்கும்.

அந்தக் காகிதத்துக்கு ஸ்டாம்ப் தேவையில்லை. பதிவும் கட்டாயமில்லை, செய்தால் நல்லது. எழுதியவர் கையெழுத்தும், அதைப் பார்த்த இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் போதும். உயிலால் பயன்பெறுபவரைச் சாட்சியாகப் போடவேண்டாம். நம்மைவிட வயதில் சிறியவர்களாக இருந்தால் நல்லது. கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் வாரிசு விதிகள் வேறு. முஸ்லிம் சட்டப்படி, வாரிசுகளின் சம்மதமில்லாமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது. வழக்கறிஞரைக் கலந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது கையெழுத்து

உயில் நம் காலத்துக்குப் பிறகு. நாம் இருந்தும் நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தால்? பவர் கொடுத்திருக்கிறோமே என்று நம்பி இருக்க முடியாது. கொடுத்தவர் இறந்தாலோ, புத்தி சுவாதீனம் இழந்தாலோ பவர் முடிந்துவிடும். நம்பிக்கையான ஒருவருடன் 'இருவரில் எவரும்' எடுக்கும்படி ஒரு கூட்டுக் கணக்கு வைத்து, அதில் இரண்டு லட்சம் மாதிரி போட்டுவைப்பது நடைமுறைக்கு உகந்தது. மொத்தச் சேமிப்பையும் அதில் போடவேண்டாம். 2025 நவம்பர் முதல் வங்கி டெபாசிட்டுக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம். பத்து வருஷத்துக்கு முன்பு போட்ட அப்பாவின் பெயரே இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள்.

வெளி மாநிலத்தில் இருக்கும் நமக்கென்று ஒரு சிக்கலும் இருக்கிறது. ஃப்ளாட்டின் காகிதங்கள் மராத்தியிலோ இந்தியிலோ கன்னடத்திலோ இருக்கும். அவற்றைத் தேடி வரப்போகிற அண்ணன் கும்பகோணத்தில் இருப்பார். ஆகவே ஒரு ஃபைல் போடுங்கள். விற்பனை ஒப்பந்தம், ஷேர் சர்ட்டிஃபிகேட், கடன் எண், வங்கிக் கணக்குகள், பாலிசிகள், உயில் இருக்கும் இடம் ஆகியவற்றைத் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி அதன் மேலே வையுங்கள். பாஸ்வேர்டை மட்டும் அதில் எழுதவேண்டாம். கடன் முடிந்ததும் அசல் பத்திரங்களைக் கேட்டு வாங்கி அதில் சேருங்கள். 2023 டிசம்பர் முதல், வங்கி 30 நாளுக்குள் கொடுக்காமல் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தரவேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் செய்ய முடியாது. உயிலும் ஃபைலும் செலவில்லாதவை, அவற்றை முதலில் முடியுங்கள். பிறகு மருத்துவக் காப்பீடு, அப்புறம் ஒன்பது மாதக் கைப்பணம், கடைசியாகக் கடன் அசல். ஊரில் இருப்பவர்களிடம் "எனக்கு ஒண்ணுன்னா இந்த ஃபைலைப் பாருங்க" என்று அடுத்த தடவை போகும்போது சொல்லிவிட்டு வாருங்கள். அவர்கள் "ஏன் அபசகுனமா பேசறே?" என்பார்கள். பரவாயில்லை, சொல்லிவிடுங்கள்.