வயரிங் மாற்றும்போது எர்த்தை மறக்கலாமா?

நம்மில் பலருக்குக் கடையும் வீடும் ஒரே பழைய கட்டடம்தான். வயரிங் மாற்றும்போது சுவிட்சின் அழகைப் பார்க்கிறோம், எர்த்தைக் கேட்பதில்லை. எங்கள் மண்டியில் பிரிட்ஜைத் தொட்ட பையனுக்கு ஷாக் அடித்தது. நல்லவேளை, ரப்பர் செருப்பு போட்டிருந்தான். பிளக் பாயிண்டைக் கழற்றினால், எர்த் முனையை நியூட்ரலோடு சேர்த்து முடுக்கியிருந்தார் வயர்மேன்! நியூட்ரல் கழன்றதும் பிரிட்ஜ் உடம்பெல்லாம் 230 வோல்ட்.

தண்ணீர்க் குழாயில் கட்டுவதும் பழைய வழக்கம். குழாய் பிளாஸ்டிக் ஆனபின் அது எப்படி எர்த் ஆகும்?

தனிக்குழி தோண்டி, கரியும் உப்பும் இட்டு, ஜி.ஐ. பைப் இறக்கினோம். ஒவ்வொரு பாயிண்டுக்கும் பச்சை வயர். கூடவே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. எர்த் இருந்தால்தான் கசிவு ஏற்பட்டவுடன், ஆள் தொடுமுன்பே அது விழும். கோடையில் குழிக்குத் தண்ணீர் ஊற்றுகிறோம். மொத்தச் செலவு இரண்டு மூட்டை துவரம்பருப்பு விலை.