குடிபுகுந்த வீட்டில் கார் நிறுத்தத் தனிக் கட்டணமா?

திருவனந்தபுரம்: வீட்டைப் பார்க்க வரும் நாளில் எல்லோரும் இனிமையாகத்தான் பேசுகிறார்கள். "கார் நிறுத்த இடம் உண்டு" என்கிறார் தரகர். "அதெல்லாம் பிரச்சினையே இல்லை" என்கிறார் வீட்டுக்காரர். முன்பணம் கைமாறி, முத்திரைத்தாளில் கையெழுத்தும் ஆகி, பால் காய்ச்சிக் குடிபுகுந்த பின்னர்தான், காவலாளி மூலமாகக் குடியிருப்போர் சங்கத்தின் சீட்டு ஒன்று வந்து சேருகிறது. வாகன நிறுத்தக் கட்டணம் மாதம் இவ்வளவு. ஸ்டிக்கர் ஒட்டாத வாகனத்திற்கு அபராதம் இவ்வளவு. கட்டத் தவறினால் சக்கரத்திற்குப் பூட்டு. அடுக்குமாடி வீடுகளில் வாடகைதாரர்களுக்கு நேரும் வாகன நிறுத்தத் தகராறுகள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகின்றன.

தொகையைப் பார்த்தால் சிறியதுதான். அதற்காக நீதிமன்றப் படி ஏறுவார் எவருமில்லை. ஆனால் அந்தச் சிறிய தொகைக்குள் பெரிய கேள்வி ஒன்று அடங்கியிருக்கிறது. ஒருவர் வாடகை கொடுத்துக் குடியிருக்கும் வீட்டின் வாசலில், அவரோடு எந்த ஒப்பந்தமும் செய்துகொள்ளாத மூன்றாவது தரப்பு அவரிடம் பணம் கேட்க முடியுமா என்பதே அது.

கேரளத் தலைநகரில் இக்கேள்வி வலுப்பெறுவதற்குக் காரணம் உண்டு. 1990இல் தொடங்கப்பட்ட டெக்னோபார்க், கழக்கூட்டம் வட்டாரத்தின் முகத்தையே மாற்றிவிட்டது. தென்னந்தோப்புகள் இருந்த இடங்களில் அடுக்குமாடிகள் எழுந்தன. அங்கு வாடகைக்கு இருப்போரில் குமரி, நெல்லை மாவட்டங்களிலிருந்து வேலை தேடி வந்த தமிழர்களும் உள்ளனர். (1956 நவம்பர் 1 வரை நாகர்கோவிலும் தென் திருவிதாங்கூரின் மற்றத் தாலுகாக்களும் இதே நகரிலிருந்துதான் ஆளப்பட்டன, உறவு புதிதல்ல.) மொழி ஓரளவு புரிந்தாலும் உள்ளூர்ச் சட்டமும் சங்கத்தின் துணைவிதியும் இவர்களுக்குப் புரிவதில்லை. கேட்ட தொகையைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிப் போகிறவர்களே அதிகம்.

இடம் யாருடையது?

கட்டணம் நியாயமா என்று பார்ப்பதற்கு முன்னர், அந்த இடம் யாருடையது என்று பார்க்க வேண்டும். இதில் உச்ச நீதிமன்றம் 2010 ஆகஸ்ட் 31 அன்று அளித்த தீர்ப்பு இன்றளவும் அடிப்படையாக விளங்குகிறது. மும்பை தகிசர் பகுதியில் ஏழு பிரிவுகளில் 56 வீடுகளைக் கட்டிய நகல்சந்த் லாலூசந்த் என்ற நிறுவனம், தரைத்தளத் தூண்களுக்கு இடையே இருந்த 25 வாகன நிறுத்துமிடங்கள் தனக்கே உரியவை என்றும், அவற்றைத் தனியே விற்கத் தனக்கு உரிமை உண்டு என்றும் வாதிட்டது. பாஞ்சாலி கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் அதை எதிர்த்தது. கீழ்நீதிமன்றத்திலும் பம்பாய் உயர் நீதிமன்றத்திலும் தோற்ற நிறுவனம் தில்லி வரை வந்தது.

நீதிபதிகள் ஆர்.எம். லோதா, ஏ.கே. பட்நாயக் ஆகியோர் அடங்கிய அமர்வு அந்த வாதத்தை நிராகரித்தது. தூண்களுக்கு இடையே திறந்து கிடக்கும் இடம் தனி வீடும் அன்று, தனிக் கொட்டகையும் அன்று. அது எல்லா வீட்டுக்காரர்களுக்கும் பொதுவானது. கட்டுநர் அதைத் தனியாக விற்க இயலாது என்பதே தீர்ப்பின் சாரம். மகாராஷ்டிரத்தின் 1963ஆம் ஆண்டுச் சட்டத்தை வைத்து எழுதப்பட்ட தீர்ப்பு அது. எனவே பிற மாநிலங்களுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்வதற்கில்லை.

அந்த இடைவெளியை நாடாளுமன்றம் 2016இல் ஓரளவு நிரப்பியது. ரேரா என்று சுருக்கமாக அழைக்கப்படும் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம், திறந்தவெளி வாகன நிறுத்துமிடங்களைப் பொதுப் பகுதிகளின் பட்டியலில் சேர்த்தது. கூரையும் மூன்று பக்கம் சுவரும் இருந்தால்தான் அது கொட்டகை என்றும் வரையறுத்தது. கேரள ரேரா ஆணையத்தின் தலைமையிடம் திருவனந்தபுரத்திலேயே உள்ளது. ஆனால் அதன் கதவு வீடு வாங்கியவருக்குத் திறக்கும் அளவுக்கு வாடகைக்கு வந்தவருக்குத் திறப்பதில்லை. கட்டுநர், முகவர், வாங்குபவர் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதப்பட்ட சட்டம் அது.

கேரள நகராட்சிக் கட்டட விதிகளும் கவனிக்கத்தக்கவை. அடுக்குமாடி கட்டுவோர் வீடுகளின் பரப்பளவுக்கு ஏற்ப வாகன நிறுத்துமிடம் ஒதுக்கியே ஆக வேண்டும். விருந்தினர் வாகனங்களுக்கென அதற்கு மேல் 15 சதவீதம் கூடுதலாக விட வேண்டும். ஆக, அந்த இடம் எவரும் கருணையோடு அளித்த சலுகையல்ல. கட்டட அனுமதி பெறுவதற்கான நிபந்தனை. விருந்தினருக்கு என்று ஒதுக்கப்பட்ட இடத்தைக் கோடு போட்டு மாத வாடகைக்கு விடும் சங்கங்கள், எந்த விதியின் பேரில் அவ்வாறு செய்கின்றன என்று கேட்பதற்கு இடமிருக்கிறது.

சங்கத்தின் கை எவ்வளவு நீளும்?

சங்கங்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது இக்கட்டுரையின் நோக்கமன்று. 20 கார்கள் நிற்கும் இடத்தில் 35 கார்கள் வந்தால் யாராவது ஒழுங்குபடுத்தத்தான் வேண்டும். காவலாளிக்குச் சம்பளம், விளக்குக்கு மின்கட்டணம், கேமராவுக்குப் பராமரிப்பு என்று செலவுகள் உள்ளன. 1983ஆம் ஆண்டின் கேரள அடுக்குமாடி உடைமைச் சட்டம் பொதுச் செலவுகளை வீட்டு உரிமையாளர்களிடையே பங்கிடுகிறது. பல சங்கங்கள் அச்சட்டத்தின் கீழ் வராமல், 1955ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்-கொச்சி சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்று இயங்குகின்றன. இரண்டில் எதுவானாலும் செலவில் பங்கு தரக் கடமைப்பட்டவர் முதலில் உரிமையாளரே. வாடகைதாரர் சங்க உறுப்பினர் அல்லர். பொதுக்குழுவில் அவருக்கு வாக்கில்லை. கட்டணத்தை உயர்த்தும் தீர்மானத்தை அவர் எதிர்க்கவும் முடியாது.

வாக்குரிமை இல்லாதவரிடம் வரி கேட்கும் நிலை இது. உரிமையாளருக்கு ஒரு கட்டணமும் வாடகைதாரருக்கு அதைவிடக் கூடுதலான ஒரு கட்டணமும் விதிக்கப்படுமானால் அநீதி வெளிப்படையாகவே தெரிகிறது. ஒரே காவலாளி, ஒரே விளக்கு, ஒரே அளவுள்ள இடம். கட்டணம் மட்டும் ஏன் இரண்டு?

அபராதத்தின் கதை வேறு. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 74ஆவது பிரிவில், ஒப்பந்தத்தை மீறியவரிடமிருந்து நியாயமான இழப்பீடு மட்டுமே பெறலாம் என்கிறது. ஒப்பந்தத்தில் எவ்வளவு பெரிய தொகை எழுதியிருந்தாலும் அது உச்ச வரம்பே தவிர, முழுவதும் தானாகக் கிடைத்துவிடாது. ஒப்பந்தமே இல்லாத இடத்தில் அபராதத்தின் அடித்தளம் இன்னும் பலவீனமானது. சக்கரத்தைப் பூட்டுவதும் அப்படித்தான். பொது இடத்தில் விடப்பட்ட வாகனத்தை அகற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 127ஆவது பிரிவு சீருடை அணிந்த காவல்துறை அதிகாரிக்கு அதிகாரம் தருகிறது. சங்கச் செயலாளருக்கு அத்தகைய அதிகாரத்தை அப்பிரிவு தரவில்லை.

வணிக வளாகத் தீர்ப்பும் வீட்டு வாசலும்

"மால்களே வசூலிக்கலாம் என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டதே" என்பது அண்மைக்காலமாகக் கேட்கும் பதில். அத்தீர்ப்பைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். கொச்சி இடப்பள்ளியில் உள்ள லுலு மாலில், 2021 டிசம்பரில் 20 ரூபாய் கட்டணம் கொடுக்க நேர்ந்த ஒருவர் கேரள உயர் நீதிமன்றத்தை அணுகினார். 2022 ஜனவரியில் நீதிபதி பி.வி. குஞ்ஞிகிருஷ்ணன், மேலோட்டமாகப் பார்க்கையில் வணிக வளாகங்களுக்கு அவ்வாறு வசூலிக்க உரிமை இல்லை என்று கருத்துத் தெரிவித்தார். வசூலைத் தொடர்ந்தால் அது வளாகத்தின் சொந்தப் பொறுப்பில்தான் என்றும் கூறினார். ஆனால் 2025இல் இறுதித் தீர்ப்பு வளாகத்திற்குச் சாதகமாக அமைந்தது. கேரள நகராட்சிச் சட்டத்தின் 447ஆவது பிரிவின் கீழ் உரிமம் பெற்றுக் கட்டணம் வசூலிக்கலாம் என்று தனி நீதிபதி கூற, அதே ஆண்டில் இரு நீதிபதிகள் அமர்வும் அதை உறுதி செய்தது. குஜராத் உயர் நீதிமன்றமோ 2019 ஜூலையில் இதற்கு நேர்மாறாக, வளாகங்கள் கட்டணமே வசூலிக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அரபிக்கடலின் ஒரே கரையில் இரு வேறு நியாயங்கள்!

எப்படியாயினும், வணிக வளாகத்திற்கு வருபவர் இரண்டு மணி நேரத்து விருந்தாளி. கட்டணம் பிடிக்கவில்லையென்றால் வேறு கடைக்குப் போகலாம். வீட்டுக்கு வருபவர் எங்கே போவார்? மேலும் உள்ளாட்சி அமைப்பின் உரிமத்தைக் காட்டி வளாகம் வாதிட்டது. அடுக்குமாடிச் சங்கம் எந்த உரிமத்தைக் காட்டும்?

இங்கிலாந்தில் இந்தத் தகராறு நம்மைவிடப் பல ஆண்டுகள் முந்தியது. 2015 நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், செம்ஸ்ஃபோர்டு நகர வணிக வளாகம் ஒன்றில் இரண்டு மணி நேர வரம்பைத் தாண்டியவருக்குத் தனியார் நிறுவனம் விதித்த 85 பவுண்டு கட்டணம் செல்லும் என்றது. தனியார் நிறுத்தக் கட்டண நிறுவனங்கள் அதைக் கொண்டாடின. ஆனால் அடுத்த ஆண்டே ஆக்ஸ்ஃபோர்டு மாவட்ட நீதிமன்றத்தில் வேறொரு வழக்கு வந்தது. குடியிருப்பு ஒன்றில் வசித்த பெண், கனமான மேசையை இறக்குவதற்காக வாசல் அருகே காரைச் சில நிமிடங்கள் நிறுத்தினார். அதற்குக் கட்டணச் சீட்டு ஒட்டப்பட்டது. சாமான் இறக்க நிற்பது 'நிறுத்தம்' ஆகாது என்றும், குடியிருப்பாளரின் குத்தகை ஆவணம் தந்த உரிமையை நிர்வாகம் வைத்த அறிவிப்புப் பலகை பறித்துவிட முடியாது என்றும் நீதிபதி சார்ல்ஸ் ஹாரிஸ் கூறினார். முந்தைய தீர்ப்பு இதற்குப் பொருந்தாது என்றும் விளக்கினார். நம் நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது. ஆயினும் ஒப்பந்தம் பெரிதா, பலகை பெரிதா என்ற கேள்விக்கு அந்த நீதிபதி கண்ட விடை இங்கும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

கிணறும் குளமும் இருந்த காலத்துச் சட்டம்

திருவனந்தபுரத்து வாடகைதாரருக்கு உரிய சட்டம் 1965ஆம் ஆண்டின் கேரளக் கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம். 'கட்டடம்' என்பதற்கு அது தரும் விளக்கத்தில், சேர்த்து வாடகைக்கு விடப்பட்ட தோட்டம், வெளியிடம், கிணறு, குளம் எல்லாம் அடங்கும். கார் இல்லை, அந்நாளில் கார் வைத்திருந்தவர் வாடகை வீட்டில் இருந்திருக்க மாட்டார் போலும். ஆனாலும் 'வெளியிடம்' என்ற சொல் நமக்கு உதவும். வீட்டோடு சேர்த்து வாகன இடமும் விடப்பட்டதாக ஒப்பந்தத்தில் இருந்தால், அது வாடகைக்குள் அடங்கியதே என்று வாதிடலாம்.

நியாய வாடகையை நிர்ணயிக்கும் பிரிவுகளை 1995இல் கேரள உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. எஞ்சி நிற்பவற்றுள் 13ஆவது பிரிவு முக்கியமானது. வாடகைதாரர் அனுபவித்துவரும் வசதிகளைத் தக்க காரணமின்றி வீட்டுக்காரர் நிறுத்தவோ தடுக்கவோ கூடாது என்று அது விதிக்கிறது. வாகன இடம் அத்தகைய வசதியா என்பதில் ஐயம் எழலாம். மத்திய அமைச்சரவை 2021 ஜூன் 2 அன்று ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம் அந்த ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. குடிநீர், மின்சாரம், மின்தூக்கி ஆகியவற்றோடு வாகன நிறுத்தத்தையும் அத்தியாவசிய சேவைகளின் வரிசையில் பெயர் சொல்லியே சேர்த்தது. ஆனால் அது வெறும் மாதிரி. மாநிலச் சட்டமன்றம் தனதாக்கிக்கொள்ளாத வரை அதற்கு உயிரில்லை.

ஆகவே இப்போதைக்கு வாடகைதாரர் கையில் இருக்கும் ஆயுதம் அந்த முத்திரைத்தாள்தான். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பதால், 11 மாதத்துக்கு எழுதுவது வழக்கமாகிவிட்டது. அந்த இரண்டு பக்கத் தாளில் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பதுவரை எழுதுகிறவர்கள், கார் எங்கே நிற்கும் என்பதை எழுதுவதில்லை. நிறுத்துமிடத்தின் எண், அதற்கான தொகை வாடகையில் அடங்குமா, சங்கக் கட்டணங்களை யார் கட்டுவது ஆகியவற்றை மூன்றே வரிகளில் எழுதிவிடலாம்.

எழுதாமல் குடிபுகுந்தவர், சீட்டு வந்ததும் சங்கத்தோடு வாசலில் சண்டையிடுவதைவிட, வீட்டுக்காரருக்கு எழுத்து மூலம் தெரிவிப்பதே முதல் வேலை. சங்கத்திடம் துணைவிதியின் நகலும் கட்டணத்தை நிர்ணயித்த பொதுக்குழுத் தீர்மானத்தின் நகலும் கேட்கலாம். நகல் தர இயலவில்லை என்றால் கட்டணத்தின் வலு அங்கேயே தெரிந்துவிடும். தண்ணீரையோ மின்தூக்கியையோ நிறுத்திவிடுவார்கள் என்ற அச்சம் இருந்தால், ஆட்சேபத்தை ரசீதிலேயே குறிப்பிட்டுப் பணத்தைச் செலுத்திவிட்டுப் பிறகு வழக்காடுவதில் இழிவில்லை. ரசீது தர மறுப்பவரிடம் பணம் தர வேண்டிய அவசியமும் இல்லை. வீட்டைக் காலி செய்யும் நாளில் முன்பணத்திலிருந்து 'பார்க்கிங் பாக்கி' என்று பிடித்துக்கொள்ள முற்பட்டால், முதல் மாதத்தில் அனுப்பிய அந்த ஒரு கடிதமே சாட்சியாக நிற்கும்.