லேப்டாப் ப்ராசஸரை மாத்தப் போறீங்களா? காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

ஆபீஸ்கள் கழிச்சு விட்ட பழைய திங்க்பேட், லேட்டிட்யூட் மாதிரி லேப்டாப்பை செகண்ட் ஹேண்ட்ல வாங்கி ஓட்டுறவரா நீங்க? அப்போ "இதுல ஒரு ஐ7 தூக்கிப் போட்டா என்ன?"ங்கிற ஆசை ஒரு நாள் கண்டிப்பா வரும். சில மெஷின்கள்ல தாராளமா போடலாம். ஆனா பழைய ப்ராசஸரை வித்த கடைக்காரர் "பொருந்தல"ன்னு சொன்னா திருப்பி எடுத்துக்கிறது அபூர்வம். அதனால எல்லா சோதனையும் வாங்குறதுக்கு முன்னாடிதான்.

முதல் கேள்வி: உங்க ப்ராசஸர் கழட்டுற மாதிரி இருக்கா, இல்ல மதர்போர்டோட சால்டர் பண்ணியிருக்கா? மாடல் பேர் 'யு'ன்னு முடிஞ்சா சால்டர்தான். இன்டெல்லோட 5-வது ஜெனரேஷன்ல இருந்து லேப்டாப் ப்ராசஸர்கள் எல்லாமே சால்டர்தான். டெஸ்க்டாப் ப்ராசஸரையே உள்ள வச்ச சில குண்டு கேமிங் லேப்டாப்புகள் தனிக்கதை. சந்தேகமா இருந்தா உங்க மாடலோட சர்வீஸ் மேனுவலைத் திறங்க. அதுல ப்ராசஸரைத் தனியா கழட்டுற பக்கம் இருந்தா சாக்கெட். இல்லைன்னா ஆசையை விட்டுட்டு ரேம் வாங்கப் போங்க.

சாக்கெட் இருந்தாலும் எல்லா ப்ராசஸரும் எல்லா சாக்கெட்டிலயும் உட்காராது. இன்டெல்ல 2-வது, 3-வது ஜெனரேஷனுக்கு ஜி2 சாக்கெட். 2013-ல வந்த 4-வது ஜெனரேஷனுக்கு ஜி3. ரெண்டுக்கும் பின் அமைப்பே வேற.

இதுல பலரும் மாட்டுற இடம், பேர். ஐ7-4700எம்கியூ சாக்கெட்ல போடுறது, ஐ7-4700ஹெச்கியூ சால்டர் பண்றது. நம்பர் ஒண்ணுதான், கடைசி எழுத்துகள்தான் ஆளைக் கவுக்கும். இன்னும் மோசம், ஐ7-3632கியூஎம் மாதிரி சிலது ஒரே பேர்ல ரெண்டு உருவத்திலயும் வந்திருக்கு. அடியில 988 பின் வச்சது சாக்கெட்டுக்கு. சால்டர் உருண்டை வச்சது, அதாவது 1224-ன்னு குறிப்பிடுறது, உங்களுக்கு உதவாது. இன்டெல் தளத்துல சாக்கெட் வரியில ரெண்டு எண்ணும் போட்டிருக்கும். விக்கிறவர்கிட்ட பேரை மட்டும் கேட்காம, அடிப்பக்கத்தோட போட்டோவைக் கேளுங்க. வளைஞ்ச பின் இருந்தாலும் அதிலயே தெரிஞ்சிடும்.

அடுத்தது பயாஸ். 2-வது ஜெனரேஷனுக்குன்னு 2011-ல வந்த திங்க்பேட் டி420-ல, 3-வது ஜெனரேஷன் ப்ராசஸர் சாக்கெட்ல அழகா உட்காரும். ஆனா கம்பெனி பயாஸோட பூட் ஆகாது. அதுக்காகவே கோர்பூட் போட்டு ஓட்டுற கூட்டம் ஒண்ணு இருக்கு; முதல் தடவை கை வைக்கிறவங்களுக்கு அது வேண்டாம். உங்க மாடல்ல என்னென்ன ப்ராசஸர் வித்தாங்கன்னு சர்வீஸ் மேனுவல் பட்டியல்ல பாருங்க, அதுல இருக்கிறதுதான் பத்திரம். புது பயாஸ் போடணும்னா பழைய ப்ராசஸர் உள்ள இருக்கும்போதே போட்டுடுங்க. மாத்தின பிறகு பூட்டே ஆகலைன்னா எதை வச்சு அப்டேட் பண்ணுவீங்க?

அப்புறம் சூடு. ஐ5-3320எம் 35 வாட்ஸ். ஐ7-3610கியூஎம் 45 வாட்ஸ், ஐ7-3632கியூஎம் 35 வாட்ஸ். ரெண்டு ஐ7-லயும் 4 கோர், 8 த்ரெட். 35 வாட்ஸுக்குன்னு செஞ்ச ஹீட்சிங்க்ல 45-ஐ வச்சா எரிஞ்சு போகாது. ஆனா கொஞ்ச நேரத்துல சூடு ஏறி, அதுவா வேகத்தைக் குறைச்சுக்கும். கூடக் காசு கொடுத்து வாங்குன வேகம் ஃபேன் சத்தமா வெளியே போயிடும். 65 வாட்ஸ் சார்ஜரோட வந்த மெஷின்னா அதையும் கணக்குல எடுத்துக்கோங்க. என்னைக் கேட்டா, பழைய ப்ராசஸரோட வாட்ஸைத் தாண்டாம வாங்குறதுதான் புத்திசாலித்தனம்.

ஐ7-ன்னு எழுதியிருந்தாலே 4 கோர்னு நினைக்காதீங்க. ஐ7-3520எம்-ல 2 கோர்தான், உங்க ஐ5-ல இருக்கிற அதே எண்ணிக்கை. இன்னொரு பக்கம், ஒரே கோர் ஓடுற வேலையில ஐ5-3320எம் 3.3 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் போகும், ஐ7-3632கியூஎம் 3.2 வரைக்கும்தான். பிரவுசர், வேர்ட், பிபிடி மட்டும்னா வித்தியாசமே தெரியாது. பெரிய ப்ராஜெக்ட் கம்பைல், வீடியோ ரெண்டர், விர்ச்சுவல் மெஷின் ஓட்டுறவங்களுக்குத்தான் 4 கோரோட அருமை. உள்ள இன்னும் பழைய ஹார்ட் டிஸ்க் சுத்திட்டு இருந்தா, அதே காசுல முதல்ல எஸ்எஸ்டி போடுங்க.

ரிச்சி ஸ்ட்ரீட்லயோ ஆன்லைன்லயோ வாங்கும்போது மேல்பக்க எழுத்தையும் படிங்க. 'இன்டெல் கான்ஃபிடென்ஷியல்'னு இருந்தா அது விற்பனைக்கு வந்ததே இல்ல, சோதனைக்குக் கொடுத்த சாம்பிள். விலை குறைவா இருந்தாலும் தொடாதீங்க.

மாட்டும்போது சாக்கெட் ஓரத்துல இருக்கிற திருகை ஸ்க்ரூ டிரைவரால திருப்பினா பிடி விடும். முக்கோணக் குறி இருக்கிற மூலையைப் பார்த்து வச்சா தானா இறங்கணும், அழுத்தவே கூடாது. புது தெர்மல் பேஸ்ட் போட மறக்காதீங்க. பழைய ஐ5-ஐ உடனே வித்துடாதீங்க. ரெண்டு வாரம் நல்லா வேலை கொடுத்துப் பார்த்துட்டு, எதுவும் தொங்கலைன்னா அப்புறம் வித்துக்கலாம்.